தடைக்காலத்துப் பிள்ளை

மூத்தவள் ஷைனி பிறந்தபோது ஆரோக்கியமணி கடலில் இருந்தான். அதை அவனுடைய ஊரில் யாரும் குறையாகச் சொல்வதில்லை. தூத்துக்குடிக்கு வடக்கே, பத்து நாள் பன்னிரண்டு நாள் என்று ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிற ஊர் அது. அங்கே பாதிப் பிள்ளைகள் அப்பா கரையில் இல்லாதபோது பிறந்தவர்கள்தான். ஆரோக்கியமணியும் அப்படிப் பிறந்தவன். படகு கரை சேர்ந்ததும் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு, ஊரே தூக்கிக் கொஞ்சி முடித்துவிட்ட பிள்ளையைக் கடைசி ஆளாக வாங்கிப் பார்ப்பது அங்கே அப்பன்மார்களின் வழக்கம்.

ஷைனி பிறந்து கொஞ்ச நாள் கழித்து, அவன் மனைவி கரோலின் துணி மடித்துக்கொண்டே, அடுத்தது தடைக்காலத்தில்தான் என்று சொன்னாள். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கிற காலம் அது. "மீனுக்குப் பேறுகாலம்னா நமக்கும் அதுதான்" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கரோலின் நர்ஸ். ஷைனிக்கு இரண்டு வயதானபோது புனேயில், வாகட் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று ஷைனியையும் கூட்டிக்கொண்டு போனவள், மூன்றாவது வருடமும் அங்கேயே இருந்தாள். போசரியில் ஓர் அறையும் சமையலறையுமாக வீடு. கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, கோடையில் ஒரு முறை ஊருக்கு வருவாள். மற்ற நாள்களில் ஷைனிக்கு ஆரோக்கியமணி கைபேசியில் தெரிகிற ஒரு முகம். கடலுக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை.

அதற்கென்றே ஒரு செப்டம்பரில் லீவு போட்டு ஊருக்கு வந்துபோனாள். இரண்டாவது பிள்ளை சொன்னபடியே தடைக்காலத்துக்குத் தோதாக வயிற்றில் தங்கியது. ஜூன் இரண்டாவது வாரம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். ஏப்ரலில் லீவு போட்டு ஊருக்கு வந்து பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. பெரிய கோவிலில் ஞானஸ்நானத்துக்குக்கூடப் பேசியாயிற்று. ஆனால் ஏழாவது மாதத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறியது. ரயிலில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

படகைக் கரையில் ஏற்றிய மறுநாளே ஆரோக்கியமணி கோவில்பட்டியில் ரயில் ஏறினான்.

போசரி வீட்டு வாசலில் ஷைனி பக்கத்து வீட்டு ஜமீலாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கரோலின் டியூட்டிக்குப் போகும்போதெல்லாம் ஷைனியைப் பார்த்துக்கொள்வது ஜமீலாதான். அவள் கணவன் இர்பான் அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஜமீலா பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு, இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கைபேசியிலேயே பார்த்துப் பார்த்து, அப்பா இவ்வளவு உயரம் என்பதே மறந்துபோயிற்றாம். கரோலின்தான் அதைத் தமிழில் சொன்னாள்.

அவன் சமையலை எடுத்துக்கொண்டான். கரோலின் இடது பக்கமாகப் படுத்துக்கொண்டு, எந்த டப்பாவில் என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மார்க்கெட்டுக்குப் போனால் மீன் கடையின் முன்னால் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிடுவான். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த அந்தச் சீலா மீன்களைக் காசு கொடுத்து வாங்க அவனுக்கு மனம் வரவில்லை. முட்டைக் குழம்பு வைத்தான். ஷைனி சாப்பிட்டுவிட்டு, "எனக்கு பானி" என்பாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள், "நீங்க எப்ப வாபஸ் போவீங்க?" என்று கேட்டாள். விரட்டுவதற்காகக் கேட்கவில்லை. வந்தவர் போவார் என்பது அவளுக்குத் தெரிந்த கணக்கு.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை கரோலின் எழுந்து உட்கார்ந்தாள். தலை பிளக்கிறது, எதிரே இருப்பது இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். அவள் குரல் நிதானமாக இருந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. ஆட்டோ கூப்பிடச் சொன்னாள், பையை எடுக்கச் சொன்னாள், ஷைனியை ஜமீலாவிடம் விடச் சொன்னாள். ஆட்டோவில் போகும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து, தனக்கு என்ன செய்ய வேண்டும் என்று வேறு யாரோ நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே போனதும் வாசலிலேயே சக்கரப் படுக்கையுடன் நான்கு பேர் நின்றார்கள். எல்லாரும் அவளோடு வேலை செய்கிறவர்கள். அவர்கள் அவளைக் கொண்டுபோன வேகத்தைப் பார்த்தபோது, தன் மனைவி இங்கே எப்படிப்பட்ட ஆளாக இருந்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பயத்துக்கு நடுவிலும் அதை நினைத்து நெஞ்சு விம்மியது.

ஆபரேஷன் முடிந்து, குழந்தைகள் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ராஜஸ்ரீ கதவைத் திறந்து அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். கைகழுவும் இடத்தைக் காட்டினாள். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் அடங்கிவிடுகிற அளவில் ஒரு பெண் பிள்ளை. பிறந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மூக்கில் குழாய் இருந்தது. கால் மட்டும் எதையோ உதைத்துக்கொண்டிருந்தது.

அவன் வராந்தாவுக்கு வந்து கித்தேரியான் அண்ணனுக்குப் போன் போட்டான். கித்தேரியான் பெரியப்பா மகன். ஊர்ப்பேச்சில் போட்டு என்கிற அந்தப் படகு இவர்கள் இருவருக்கும் பொது; ஓட்டுகிறவன் ஆரோக்கியமணி. ஊரில் அந்த நேரம் மீன் ஏலக்கூடத்து நிழலில் எல்லாரும் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். பொம்பளப் பிள்ளை, சின்னதா இருக்கு, கரோலினுக்கு இன்னும் நினைவு தெளியவில்லை என்று அவன் சொன்னான்.

"நீ எங்கல நிக்க?" என்று கித்தேரியான் கேட்டார்.

"பிள்ளைக்கு முன்னாலதான் நின்னேன்ணே. இப்பத்தான் பாத்துட்டு வெளிய வாரேன். கண்ணு முழிக்கதுக்கு முன்னால பாத்துட்டேன்."

கித்தேரியான் போனை விலக்கிவைத்துக்கொண்டு கூடத்தில் இருந்தவர்களுக்கு அதை உரக்கச் சொல்வது இவனுக்குக் கேட்டது. பெண் பிறந்ததைவிட, மணி பக்கத்தில் நின்று பார்த்தான் என்பதைத்தான் அவர் இரண்டு தரம் சொன்னார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்றையும் அவர் கடைசி ஆளாகத்தான் வாங்கிப் பார்த்திருந்தார்.

கரோலின் தீவிர சிகிச்சையில் இருந்தாள். குழந்தைக்கு மூச்சு ஒருவாறு நிலைத்ததும், டாக்டர் ஆரோக்கியமணியைக் கூப்பிட்டு ஏதோ விளக்கினார். அவனுக்கு விளங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்ரீவத்சன் எழுந்து வந்து தமிழில் சொன்னான். அவன் சென்னைக்காரன், ஹிஞ்சவாடியில் ஐடி வேலை, வாகட்டில் வீடு. அவனுடைய மகனும் அதே வார்டில் இன்னொரு பெட்டியில் இருந்தான்.

"பாப்பாவை நெஞ்சுல, தோலோட தோலா வச்சுக்கணுமாம். கங்காரு வச்சுக்கற மாதிரி. அந்தச் சூட்டுலயும் நெஞ்சு துடிக்கற சத்தத்துலயும் குழந்தை நன்னா தேறுமாம். அம்மாவால இப்போ முடியாதில்லையா, நீங்கதான் செய்யணும்."

ஆரோக்கியமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். கயிறு அறுத்த தழும்புகள், உப்பில் வெடித்து மரத்துப்போன விரல்கள். நெஞ்சும் வெயிலில் காய்ந்து பலகைபோல் இருந்தது. தன் மேலில் மீன் வாடை போகவே போகாது என்று நினைத்துக்கொண்டிருப்பவன் அவன். "நம்ம தோலு பிள்ளைக்கு ஒத்துக்கிடுமான்னு கேளுங்க தம்பி" என்றான். ஸ்ரீவத்சன் அதை மொழிபெயர்த்தான். ராஜஸ்ரீ சிஸ்டர் ஆரோக்கியமணியின் சட்டைப் பொத்தானைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தாள்.

குழாய்களையும் வயர்களையும் ஒதுக்கி, பிள்ளையை அவன் நெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து மேலே துணி சுற்றினார்கள். எடையே தெரியவில்லை. ஒரு ஈரச் சூடு மட்டும் தெரிந்தது. பிள்ளை ஒரு முறை முனகிற்று. கன்னத்தை அவன் நெஞ்சில் தேய்த்து இடம் பார்த்துக்கொண்டது. பிறகு தூங்கிவிட்டது. மானிட்டரைப் பார்த்த ராஜஸ்ரீ தலையை ஆட்டிக்கொண்டாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சு விடலாம் என்று அவள் சைகையில் சொன்ன பிறகுதான் விட்டான்.

அதற்குப் பிறகு அதுவே அவன் வேலை ஆயிற்று. காலையில் பஸ் பிடித்து வருவான், குளித்துவிட்டுத்தான் வருவான், வந்து மறுபடியும் கழுவிக்கொள்வான். சட்டையைக் கழற்றிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால், பால் கொடுக்கிற நேரம் தவிர எழுந்திருக்க மாட்டான். ஸ்ரீவத்சனும் மகனை வைத்துக்கொண்டு உட்காருவான். பாவம், அவனுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். நடுநடுவே எழுந்து போய்விட்டு, முகம் வாடித் திரும்புவான்.

"இவ்வளவு நேரம் அசையாம உக்காந்திருக்கேளே, உங்களுக்கு அலுக்கலியா?" என்று ஒருநாள் கேட்டான்.

"வலைய விட்டுட்டு ராமுழுக்க இப்படித்தான் கெடப்போம் தம்பி. என்ன விழுந்திருக்குன்னு விடிஞ்சு வலைய இழுத்து வாங்குனாத்தான் தெரியும். இங்க கையிலயே இருக்கே, இதுல என்ன அலுப்பு."

ஸ்ரீவத்சன் அன்று மாலை வேலையில் லீவு சொல்லிவிட்டான்.

கரோலினைத் தீவிர சிகிச்சையிலிருந்து மாற்றிய அன்று, சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தைகள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. அவள் முதலில் மானிட்டரைத்தான் பார்த்தாள். எண்களைப் படித்து முடித்த பிறகு பிள்ளையைப் பார்த்தாள். அதற்கும் பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"சட்டை போடாம இப்படியேவா எங்க ஆஸ்பத்திரிக்குள்ள உக்காந்திருந்தீங்க?" என்றாள். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது.

"உங்க சிஸ்டர்தான் கழட்டச் சொன்னா" என்றான் அவன்.

சின்னப் பிள்ளைகளை அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் ஷைனிக்குத் தங்கை என்பது அப்பா சாயங்காலம் வந்து சொல்கிற செய்தி மட்டுமே. நாள் முழுக்க அங்கே என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவன் அவளுடைய துணிப் பொம்மையை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து காட்டினான். ஷைனி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பொம்மையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தானே ஏறிப் படுத்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளை. கால்கள் அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கின.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் பிறந்தப்ப என்னை யாரு இப்படி வச்சுக்கிட்டா?" என்றாள்.

அவன் பொய் சொல்ல நினைக்கவில்லை. நீ பிறந்தபோது அப்பா கடலில் இருந்தேன், கரையிலிருந்து வெகுதூரம், வயர்லெஸில்தான் சொன்னார்கள் என்றான்.

"வயர்லெஸ்னா?"

"ரேடியோ மாதிரி. படகுக்குப் படகு பேசிக்கிடுதது."

ஷைனி தலையைத் தூக்கினாள். "என்னை ரேடியோல சொன்னாங்களா?"

அப்போதுதான் அவனுக்கு அந்த நாள் முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு படகு சேதியை வாங்கி அடுத்த படகுக்குச் சொல்லி, அது அதற்கடுத்த படகுக்குச் சொல்லி, இவனிடம் வந்து சேரும்போது கடலில் இருந்த எல்லாப் படகுக்கும் தெரிந்துவிட்டது. ஆணா பெண்ணா என்று மட்டும் வழியில் எங்கோ தவறிப்போய்விட்டது. ஆளாளுக்கு வயர்லெஸில் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். முகமே தெரியாத, வேறு ஊர்ப் படகுக்காரன் ஒருவன் மாதாவே காப்பாத்தும் என்று சொல்லிவிட்டுப் போனான். கித்தேரியான் அண்ணன் கருப்பட்டியை அள்ளிப்போட்டு எல்லாருக்கும் கடுங்காப்பி வைத்தார். இதையெல்லாம் அவன் ஷைனியிடம் சொன்னான். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

மறுநாள் அவன் மாடிப்படி ஏறும்போது, ஷைனி ஜமீலாவின் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். சமுத்திரம், ரேடியோ, பப்பா என்ற மூன்று சொற்கள் அவனுக்குப் புரிந்தன. அவனைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளின் முன்னால் நிறுத்தினாள். அவர்கள் அவனை அண்ணாந்து பார்த்தார்கள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிடு போட்டான்.

ஜூன் பிறந்தது. பிள்ளை பால் குடிக்கக் கற்றுக்கொண்டது, முகத்தில் சதை பிடித்தது, ஆனாலும் வீட்டுக்கு அனுப்பும் எடை வரவில்லை. கரோலினால் நீண்ட நேரம் உட்கார முடியாததால் இருவரும் மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். ஊரில் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார்கள். தடை முடிகிற இரவே எல்லாரும் கிளம்புவார்கள். இரண்டு மாதம் ஆறியிருந்த கடலில் முதல் வலைக்குத்தான் மீன் நிறைய விழும். ஒரு நாள் பிந்தினாலும் அது வேறு கடல்.

கரோலின் போகச் சொன்னாள். "இவ்வளவு நாள் இருந்தீங்கள்ல, இது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன். எனக்கு வருத்தம் இல்ல" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அவன் அரை மனதாக டிக்கெட் எடுத்தான். அன்று பிள்ளையைக் கரோலினிடம் மாற்றிக் கொடுக்காமல் அவனே நெஞ்சில் வைத்திருந்தான்.

வருகிற விவரத்தைச் சொல்லக் கித்தேரியானுக்குப் போன் செய்தான். அவர் கேட்டுவிட்டு, வராதே என்றார்.

"நீங்க ஓட்டிட்டுப் போறியளாண்ணே? அப்படின்னா நல்லது" என்றான் இவன்.

"யாரும் ஓட்டல. பிள்ள வீட்டுக்கு வாரவரைக்கும் நம்ம போட்டு கரையிலயே நிக்கும். பயலுவ எல்லாருமா பேசி முடிச்சாச்சு."

இவன் மறுத்தான். இரண்டு மாதமாக அடுப்பு மந்தமாக எரிகிற வீடுகள், எனக்காக நீங்கள் எதற்கு என்றான். கித்தேரியான் கோபப்படவில்லை.

"ஒனக்காவ இல்லல. நம்ம போட்டுல ஒருத்தனாவது பெத்த பிள்ளைய வாசப்படி தாண்டித் தூக்கிட்டு வரட்டும். நாங்க யாரும் செய்யலைல்லா. கேக்கவன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், எங்க போட்டு பிள்ளைக்காவ நிக்குன்னு."

தடை முடிந்த மறுநாள் காலையில் அவர் ஒரு படம் அனுப்பினார். கரை வெறிச்சோடிக் கிடந்தது. நீலமும் மஞ்சளும் பூசிய ஒரே ஒரு படகு நின்றது. அதன் முன்முனையான அணியத்தில் நான்கு பேர் கால்களைத் தொங்கப்போட்டு, கல்யாண வீட்டுப் படத்துக்கு உட்கார்ந்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். கரோலின் அதை வார்டில் எல்லாருக்கும் காட்டினாள். ராஜஸ்ரீ சிஸ்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லாரும் குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்டாள். கரோலின் யோசித்துப் பார்த்தாள். ஒருவர் பெரியப்பா, மற்றவர்கள் படகுக்காரர்கள். கடைசியில், எல்லாரும் பெரியப்பாதான் என்று இந்தியில் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரத்தில் எடை வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று புனேயில் மழை பிடித்துவிட்டது. அதுவரை 'பேபி ஆஃப் கரோலின்' என்று எழுதியிருந்த அட்டையில் டெனிலா என்று எழுதிக்கொடுத்தார்கள். ஸ்ரீவத்சனின் மகன் முந்தின நாளே வீட்டுக்குப் போயிருந்தான். ஆனாலும் ஸ்ரீவத்சன் மழையில் கார் எடுத்துக்கொண்டு வந்து, ஆட்டோவில் போகவே கூடாது என்று பிடிவாதமாக அவர்களை ஏற்றிக்கொண்டான்.

போசரியில் ஜமீலா படிக்கட்டு முழுவதையும் கழுவி விட்டிருந்தாள். இர்பான் மதிய ஷிப்டுக்குப் போகாமல் குடையோடு காரருகே வந்து நின்றான். ஷைனி கை கழுவிவிட்டு, கைகளை முன்னால் நீட்டியபடியே வாசலில் காத்திருந்தாள். யாரையும் தொடக்கூடாது என்று அவளுக்கு அவளே சட்டம் போட்டிருந்தாள். ஆரோக்கியமணி பிள்ளையை நெஞ்சோடு அணைத்து மாடியேறி, வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். கரோலின் பின்னால் கைபேசியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் ஏலக்கூடமும் நான்கு முகங்களும் தெரிந்தன. யாரோ கைதட்டினார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிள்ளை கொட்டாவி விட்டது. கித்தேரியான், சரி, டீசல் அடிக்கச் சொல்லுதேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவன் கிளம்பினான். கரோலின் அவன் பையில் சப்பாத்தி வைத்துக்கொண்டே, ஆஸ்பத்திரியில் இனிமேல் என்னை யாரும் கரோலின் என்று கூப்பிடப்போவதில்லை, மணியின் பெண்டாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள் என்றாள். அவள் குறைப்பட்டுக்கொள்வதுபோல் சொன்னாலும் முகம் வேறு மாதிரி இருந்தது. ஷைனி அழவில்லை. போய்விட்டு எப்போது வாபஸ் வருவீர்கள் என்று மட்டும் கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தரம் என்றான்.

ரயிலில் அவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வலது கையை நெஞ்சின் குறுக்கே வைத்து, லேசாகப் பின்னால் சாய்ந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த மதுரைக்காரப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நெஞ்சு கிஞ்சு வலிக்கிதாப்பா?" என்று கவலையோடு கேட்டார்.

அவன் கையைப் பார்த்தான். வைத்திருந்ததே அவனுக்குத் தெரியவில்லை. வலியெல்லாம் இல்லை, எனக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள் என்று சொல்லத் தொடங்கியவன், பல மணி நேரம் தள்ளி சோலாப்பூர் வரும்வரை நிறுத்தவில்லை.